வண்டியின் நோய் அறிதல்

உடல் நலமின்றி மருத்துவரிடம் செல்கிறோம். அவர் எடுத்தவுடன் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, உண்ட பின் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா என்று வினவுகிறார். பின்னர் மார்பிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்கிறார். ஒலியைக் கொண்டு உள்ளிருக்கும் நோயை அறியும் இக்கலையின் வரலாறு சுவையானது. ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் லியோபோல்டு அவுன்புருகர் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியின் வேறுபாட்டால் உள்ளே நீர் கோத்திருப்பதை உணரும் முறையை 1761-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாய்களைத் தட்டிப் பார்த்து அவற்றில் எவ்வளவு மது எஞ்சியுள்ளது என்று அறிவதைச் சிறு வயதிலேயே கண்டமையால் மகனுக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று என்பர். 1816-இல் பாரிஸ் நகர மருத்துவர் லென்னக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்துக் கேட்டார். இன்றைய ஸ்டெதாஸ்கோப்பு பிறந்த கதை இதுதான்.

மோட்டார் வண்டிக்கும் இத்தகைய மருத்துவம் உண்டு. பணிமனைகளில் மெக்கானிக்குகள் நீண்ட உலோகக் கோல் பொருத்திய ஸ்டெதாஸ்கோப்பை யந்திரத்தின்மேல் வைத்துக் கேட்பதை நீங்கள் கண்டிருக்கலாம். உயர்ந்த விலையுள்ள சொகுசுக் கார் ஒன்று, உற்பத்தியாளரின் உத்தரவாதக் காலம் முடிவதற்கு முன்னரே, கியர் மாறும்போது விந்தையாக நடந்து கொள்கிறது. மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து ஏதோ ஒலி எழுப்புகிறது. இவற்றின் காரணத்தை அறிவது எங்ஙனம்? அறிந்ததை நிலைநாட்டுவது எங்ஙனம்? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

விலை உயர்ந்த வண்டியைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் எண்ணலாம். குறையைக் கண்டறிவது அத்தகைய வண்டியில்தான் மிகக் கடினம். ஆகையால் அறியும் முறையைக் கற்பதற்கும் அதுவே ஏற்றது. சாதாரண வண்டியில் எஞ்சினின் ஓசையும் காற்றின் இரைச்சலும் சிறு ஒலிகளை மூடிவிடுகின்றன. சொகுசுக் காரோ அமைதியை விலை கூறி விற்பது. 1958-ஆம் ஆண்டில் விளம்பரக் கலைஞர் டேவிட் ஓகில்வி, ரோல்ஸ் ராய்ஸ் காருக்காக ஒரு விளம்பரம் எழுதினார். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போதும் அந்தக் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின்கடிகாரத்தின் ஓசையே என்பது அதன் கருத்து. இத்துணை அமைதியான அறையில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து எழுப்பும் சிறு முனகலும் பெரிதாகக் கேட்கும். அன்றியும், இவ்வண்டிகளில் ஒரு சக்கரத்தைத் தாங்குவதற்கே நான்கைந்து கரங்கள் இருப்பதுண்டு. கரம் ஒவ்வொன்றுக்கும் இரு முனை; முனைதோறும் ஒரு மூட்டு. மூட்டுகள் பெருகினால் ஒலி பிறக்கும் இடங்களும் பெருகும் அல்லவா?

இங்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டிலிருந்து புறப்படும்போது நடுங்கிய வண்டி, பணிமனை வாயிலை அடைந்ததும் சாதுவாகி விடுகிறது. பல் வலியோடு சென்றவன் மருத்துவரின் வாயிற்படியில் வலி நின்றுவிட்டதாக உணர்வதில்லையா? அதுபோலத்தான். பணிமனையார் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள், கணினியை இணைத்துப் பார்க்கிறார்கள், எதுவும் தெரிவதில்லை. வேலைச் சீட்டில் ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதி வண்டியைத் திருப்பித் தருகிறார்கள். உரிமையாளர் தம்மை ஏமாற்றுவதாக எண்ணுகிறார்; மெக்கானிக்கோ அவர் இல்லாததைக் கற்பனை செய்வதாக எண்ணுகிறார். இருவரும் பெரும்பாலும் நேர்மையானவர்களே. இருவருக்கும் இடையே குறைவது ஒன்றுதான்: எந்தச் சூழ்நிலையில் குறை தோன்றுகிறது என்ற தெளிவான விவரம்.

முதலில் கியர்ப் பெட்டியைக் காண்போம். தானே கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் என்ற உறுப்பு இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். இங்குக் காற்றுக்குப் பதிலாக எண்ணெய், இவ்வளவே வேறுபாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் கப்பல்களுக்காக வகுத்த இம்முறை, பின்னர்க் கார்களுக்கும் வந்தது. எண்ணெய் வழியாக ஆற்றல் செல்லும்போது ஒரு பகுதி வீணாகிறது. ஆகவே வண்டி சீரான வேகத்தை அடைந்ததும், ஒரு கிளட்ச் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ளுமாறு அமைத்தார்கள். இதனைப் பூட்டும் கிளட்ச் என்போம். இன்றைய வண்டிகளில் இது முழுவதும் இறுகப் பூட்டிக் கொள்வதில்லை. எஞ்சினின் அதிர்வு வண்டிக்குள் வாராதிருக்கும் பொருட்டுச் சிறிதளவு நழுவிக்கொண்டே பிடித்திருக்குமாறு கணினி அதனை ஆள்கிறது.

இதன் பின்னே பல்சக்கரங்கள் உள்ளன. நடுவில் ஞாயிறு போல ஒரு சக்கரம். அதனைச் சுற்றிக் கோள்களைப் போலச் சிறு சக்கரங்கள். அவற்றை வளைத்து வெளியே ஒரு வளையச் சக்கரம். இம்மூன்றில் எதனைப் பிடித்து நிறுத்துகிறோம், எதனை ஓட விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். எட்டு வேகங்கள் கொண்ட கியர்ப் பெட்டி ஒன்றில் இத்தகைய தொகுதிகள் நான்கும், அவற்றைப் பிடிக்கவும் விடவும் ஐந்து கிளட்சுகளும் இருக்கக்கூடும். ஒரு கியரிலிருந்து மற்றொரு கியருக்குச் செல்லும்போது ஒரு கிளட்ச் விட, இன்னொன்று பிடிக்க வேண்டும். முந்தியது விரைந்து விட்டுவிட்டால் எஞ்சின் வெறுமனே உறுமும். பிந்தியது விரைந்து பிடித்துவிட்டால் வண்டி குலுங்கும். இவ்விரண்டும் இசைந்து நடப்பதற்கு எண்ணெயின் அழுத்தத்தைக் கணினி நுட்பமாக அளந்து விடுகிறது. கிளட்சுகள் தேயத் தேய, அதற்கேற்ப அழுத்தத்தை அது தானே திருத்திக் கொள்ளவும் செய்கிறது. ‘கற்றுக் கொள்கிறது’ என்றே பணிமனையார் சொல்வர்.

இதனால் சில நடத்தைகள் பழுது ஆகா. குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்திருக்கும். முதல் சில நிமிடங்களில் கியர் சற்றுத் தாமதமாகவோ கடினமாகவோ மாறலாம். கணினியில் பதிந்த பழைய அளவுகளை அழித்துவிட்டால், அது புதிதாகக் கற்கும் வரை கியர் மாற்றம் ஒழுங்கற்றிருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் நாள்தோறும் அதே இடத்தில் அதே குலுக்கல் தோன்றுமாயின், அல்லது வாரந்தோறும் அது வளர்ந்து வருமாயின், அதனை இயல்பு என்று ஒதுக்குதல் பொருந்தாது. ஆகவே, குறை இருக்கிறதா என்ற வினாவோடு, எண்ணெயின் வெப்பம் என்ன, எந்தக் கியர், வளர்கிறதா தேய்கிறதா என்ற வினாக்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்கு அண்மைக் காலத்தில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதலாக எட்டு வேகக் கியர்ப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தியது. அதன் சொகுசுக் கார்களாகிய காடிலாக் வரிசையிலும் சிலவற்றில் அது இடம் பெற்றது. உரிமையாளர் பலர் ஒரே வகையான முறையீட்டைக் கொண்டு வந்தனர். மணிக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்துச் சீராகச் செல்லும்போது, கியர் எதுவும் மாறாத வேளையில், வண்டி நடுங்கியது. சாலையோரத்தில் ஓட்டுநரை விழிப்பூட்டுவதற்கென வரி வரியாக அமைக்கும் சொரசொரப்பான தளத்தின்மேல் சக்கரம் ஓடுவது போன்ற உணர்வு அது. சாலை சரியில்லை, டயர் சரியில்லை, சக்கரத்தின் எடைச் சமநிலை சரியில்லை என்றெல்லாம் எண்ணுவது எளிது. ஆனால் கியர் மாறாத வேளை, மெல்லிய மிதிப்பு, குறித்த வேக எல்லை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அவை ஓர் உறுப்பையே சுட்டிக் காட்டும். அந்த நிலையில்தான் பூட்டும் கிளட்ச் சிறிதே நழுவிக்கொண்டு பிடித்திருக்கும்.

ஏன் நடுங்கியது? வயலின் வாசிப்பவர் வில்லை இழுக்கும்போது என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓர் எல்லையில் தந்தி நழுவித் திரும்புகிறது. மீண்டும் வில் பற்றுகிறது. இந்தப் பற்றலும் நழுவலும் நொடிக்குப் பல நூறு முறை நிகழ்வதால் இனிய நாதம் பிறக்கிறது. அதே செயல் கிளட்சுக்குள் நிகழ்ந்தால் நடுக்கம் பிறக்கிறது. கிளட்ச் சீராக நழுவ வேண்டுமானால் எண்ணெயின் உராய்வுக் குணம் சரியாக இருத்தல் வேண்டும். முதலில் நிரப்பியிருந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாக இருந்தது. ஈரம் சேரச் சேர அந்த உராய்வுக் குணம் கெட்டது. 2019-இல் நிறுவனம் தன் பணிமனைகளுக்கு விடுத்த அறிவுரையில், பழைய எண்ணெயை முழுவதும் கழுவி அகற்றி, வேறு வகை எண்ணெயை நிரப்புமாறு கூறியது. பெரிய உறுப்புகளைக் கழற்றி மாற்றாமலே பல வண்டிகளின் நடுக்கம் இதனால் நீங்கியது.

இந்நிகழ்ச்சிக்கு வேறொரு பக்கமும் உண்டு. 2018-இல் உரிமையாளர் சிலர் வழக்குத் தொடுத்தனர். குலுக்கலையும் நடுக்கத்தையும் வண்டியின் இயல்பு என்று கூறித் தங்களைத் திருப்பி அனுப்பினர் என்பது அவர்கள் கூறிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. உரிமையாளர் அனைவருக்கும் பொதுவான ஒரே வழக்காக அதனை நடத்தலாமா என்பதே பெரிய வாதமாயிற்று. 2023-இல் கீழ்மன்றம் நடத்தலாம் என்றது. 2025-இல் மேல்முறையீட்டு மன்றம் அந்த ஆணையை நீக்கியது. ஒவ்வொருவரும் அனுபவித்தது ஒன்றேதானா, வெவ்வேறா என்ற வினா அங்கும் எழுந்தது. ஒருவர் தம் வண்டியில் கண்டதைத் தெளிவாகப் பதிந்து வைப்பதன் அருமை இதனால் விளங்கும்.

பூட்டும் கிளட்சின் மேல் ஐயம் கொண்டால், அதனைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், பயிற்சி பெற்ற மெக்கானிக் நடுக்கம் தோன்றும் வேகத்தில் வண்டியைச் செலுத்துகிறார். ஆக்ஸிலரேட்டரை அதே நிலையில் வைத்துக்கொண்டு பிரேக் மிதியை மிக இலேசாகத் தொடுகிறார். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கைத் தொட்டதும் கணினி பூட்டும் கிளட்சை விடுவித்துவிடும். எஞ்சினின் சுழற்சி சற்றே உயரும். அந்தக் கணமே நடுக்கமும் நின்றால், ஐயம் வலுப்பெறுகிறது. நிற்கவில்லையானால், எஞ்சினில் எரிதல் தவறுகிறதா, சக்கரம் ஆடுகிறதா என்று வேறிடம் நோக்க வேண்டும். சாலையும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை, மிதிப்பும் மாறவில்லை. கிளட்ச் ஒன்று மட்டுமே மாறிற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் கூறுவாரே, அந்த விதிதான் இது.

கணினி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். 1996-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்திலும் ஒரே முறையிலான பழுதறியும் இணைப்பு இருத்தல் கட்டாயம் ஆயிற்று. அதன் வழியாகப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு பெரும்பாலும் புகைக் கேட்டைக் கருதி வகுக்கப்பட்டது. வகுத்த எல்லையைத் தாண்டிய குறையையே கணினி பதிந்து வைக்கும். மனிதன் முதுகால் உணரும் சிறு நடுக்கம் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடலாம். காய்ச்சல்மானியில் வெப்பம் ஏறவில்லை என்பதால் பல் வலி பொய்யாகி விடுமா? குறியீடு இருந்தால் அது ஒரு சான்று. இல்லையென்றால் அதனால் எதுவும் முடிவாவதில்லை.

இனி அடியிலிருந்து எழும் ஒலிகளுக்கு வருவோம். சக்கரத்தையும் உடற்சட்டத்தையும் இணைக்கும் அமைப்பு முழுவதையும் சஸ்பென்ஷன் என்பர். பாரத்தைத் தாங்கும் வில். வில்லின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர். சக்கரத்தை நேர்நிறுத்தும் கரங்கள். கரத்தின் ஒரு முனையில் எத்திசையும் அசையும் பால் ஜாயிண்ட். மறுமுனையில் ரப்பர் புஷ். வளைவில் வண்டி சாயாதபடி இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் பிணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி. அதனைக் கரத்தோடு சேர்க்கும் சிறு லிங்குகள் ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள்.

ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய வேளையில் தனக்குரிய குரலில் பேசுகிறது. சிறு கற்கள் பரவிய சாலையில் மெதுவாகச் செல்லும்போது ‘கடகட’ என்று தொடர்ந்து ஒலித்தால், ஸ்டெபிலைசர் லிங்கை ஐயுறலாம். பிரேக் பிடிக்கும்போது ஒரு முறையும், மீண்டும் வேகமெடுக்கும்போது ஒரு முறையும் ‘டக்’ என்று கேட்டால், கரத்தின் புஷ் கிழிந்து கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று கருதலாம். நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறுக்கி விட்டது போன்ற ஒலி எழுந்தால், முன்வில்லின் மேற்புறத் தாங்கியை நோக்க வேண்டும். உலர்ந்த குளிர்ந்த காலையில் ‘கிறீச்’ என்று முனகி, மழை நாளில் அடங்கினால், அது பெரும்பாலும் ரப்பரின் முனகல். வேகம் கூடக் கூட ஓங்கும் ரீங்காரம் சஸ்பென்ஷன் ஒலியே அன்று. அது சக்கரப் பேரிங்கினுடையதாகவோ, ஒழுங்கின்றித் தேய்ந்த டயரினுடையதாகவோ இருக்கும். வலப்புறம் திரும்பும்போது பாரம் இடப்புறச் சக்கரங்களுக்குப் பெயர்கிறது. அவ்வேளை ரீங்காரம் வலுத்தால் இடப்புறப் பேரிங்கை முதலில் சோதிப்பார்கள்.

ஸ்டெபிலைசர் கம்பியைச் சோதிக்கும் முறை மாணவர்களுக்குக் குறிப்பாக இனிக்கும். இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரே அளவு உயர்ந்தால் அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை. ஒன்று உயர, மற்றது தாழ்ந்தால்தான் முறுக்கப்படும். ஆகவே வேகத்தடை ஒன்றின்மேல் முதலில் நேராக ஏறிப் பார்க்க வேண்டும். பின்னர் அதே வேகத்தில் சற்றுச் சாய்வாக, ஒரு சக்கரத்தின் பின் ஒன்றாக ஏறிப் பார்க்க வேண்டும். நேராக ஏறியபோது அமைதியாக இருந்து, சாய்வாக ஏறியபோது ஒலி எழுந்தால், கம்பியும் அதன் லிங்குகளும் புஷ்களும் முதல் ஐயத்துக்கு உரியவை. பணிமனையில் இன்னும் ஒரு படி செல்லலாம்: இரு புறத்து லிங்குகளையும் கழற்றிக் கட்டிவிட்டு, மெதுவாக அதே வழியில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒலி மறைந்தால் விடை கிடைத்தது.

ஆயினும் செவியை அளவுக்கு மீறி நம்பலாகாது. ஒலி எஃகின் வழியே வெகு விரைவாகப் பரவும். பின்சக்கரத்தில் பிறந்தது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பிறந்ததுபோல் தோன்றும். இதற்காகவே சிறு ஒலிவாங்கிகளைப் பல உறுப்புகளில் கவ்வ வைத்து, வண்டி ஓடும்போது ஒவ்வொன்றாகச் செவிக்கருவியில் கேட்கும் கருவி ஒன்று உண்டு. எந்த ஒலிவாங்கியில் ஓசை மிக ஓங்கிக் கேட்கிறதோ, அங்கிருந்து தேடலைத் தொடங்குவார்கள். அதற்கும் முன் செய்ய வேண்டிய எளிய வேலை ஒன்றுண்டு: வண்டியைக் காலி செய்தல். பின்பெட்டியில் தளர்ந்து கிடக்கும் ஜாக்கி, கதவுப் பையில் உருளும் தண்ணீர்ப் புட்டி, இறுகாத மாற்றுச் சக்கரம், புகைக்குழாயைச் சூழ்ந்த மெல்லிய தகடு ஆகியவை எல்லாம் சஸ்பென்ஷனைப் போல நடிக்க வல்லவை. டயரின் காற்றழுத்தத்தையும் சரிபார்த்துவிட வேண்டும். எளியவற்றை நீக்கிய பின்னரே அரியவற்றை ஐயுறுதல் அறிவுடைமை.

இவற்றை வெறும் சொகுசுக் குறைகள் என்று எண்ணிவிட வேண்டாம். லிங்கின் கடகடப்பு செவிக்குத் தொல்லை, அவ்வளவே. பால் ஜாயிண்ட் மிகத் தேய்ந்து கழன்றுவிட்டாலோ, சக்கரம் நிலைகுலைந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். இரண்டும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே வகையான ஒலியையே எழுப்பக்கூடும். எது என்று அறியாமல் பழகிப் போய்விடுவதுதான் ஆபத்து. ஒலி புதிதாகத் தோன்றினால், வண்டியைத் தூக்கி நிறுத்தி மூட்டுகளை அசைத்துப் பார்க்கும் வரையில், அதனைச் சிறியது என்று முடிவு கட்டலாகாது.

இப்போது உத்தரவாதத்தைப் பற்றி. உத்தரவாதம் என்பது எழுத்தில் அமைந்த ஒரு வாக்குறுதி. பொருளிலோ செய்முறையிலோ குறை இருந்தால், குறித்த காலத்துக்குள் செலவின்றிச் சீர்படுத்தித் தருவோம் என்பது அதன் பொருள். தேய்மானத்தைச் சரிசெய்வோம் என்பது அதன் பொருளன்று. மேலே கூறிய காடிலாக் கார்களுக்கு அமெரிக்காவில் பொதுவான உத்தரவாதம் 4 ஆண்டு அல்லது 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர். எஞ்சின், கியர்ப் பெட்டி முதலியவற்றுக்கு 6 ஆண்டு அல்லது 70,000 மைல். இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே எல்லை. ஆகவே ஒரே வண்டியில் சஸ்பென்ஷனுக்கு ஒரு கெடு, கியர்ப் பெட்டிக்கு ஒரு கெடு. கெடுவுக்கு முதல் நாள் பதிந்த முறையீட்டுக்கும், மறுநாள் பதிந்த முறையீட்டுக்கும் இடையே ஒரு கியர்ப் பெட்டியின் முழு விலை நிற்கக்கூடும்.

ஆதலின் முறையீட்டை எழுதும் முறை மிக முக்கியமானது. ‘கியர் சரியில்லை, அடியில் சத்தம் வருகிறது’ என்று எழுதுவோர் பலர். இதைக் கொண்டு எந்த மெக்கானிக்கும் எதையும் தேட இயலாது. வேறு சிலர், ‘டார்க் கன்வர்ட்டர் கெட்டுவிட்டது, மாற்றித் தருக’ என்று எழுதுவர். இது அதனினும் தீது. கண்டதைச் சொல்லாமல் முடிவைச் சொல்கிறார்கள். முடிவு தவறாக இருந்தால், அந்த உறுப்பு நன்றாக உள்ளது என்று விடை எழுதி முறையீட்டை முடித்து விடுவது எளிது. நன்றாக எழுதிய முறையீடு இவ்வாறு இருக்கும்: ‘வண்டியை எடுத்து 20 நிமிடம் ஓட்டிய பின், சமமான சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்திருக்கும்போது, மூன்று விநாடி அளவு வண்டி நடுங்குகிறது. மிதியை முழுவதும் விட்டால் நிற்கிறது. பத்து முறை ஓட்டியதில் ஏழு முறை கண்டேன்.’ இதில் குற்றச்சாட்டு இல்லை; முடிவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அதே சாலைக்குச் சென்று மெய்யா பொய்யா என்று காணக்கூடிய செய்தி மட்டுமே உள்ளது.

எழுதியதோடு நில்லாமல், மெக்கானிக்கை உடன் அமர்த்திக்கொண்டு அந்தச் சாலையிலேயே ஓட்டிக் காட்டுவது நலம். குளிர்ந்த நிலையில் தோன்றும் குறையானால், முதல் நாள் மாலையே வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவர்களே அதனை முதன்முதல் இயக்கும்படி கேட்க வேண்டும். ‘எல்லா வண்டியும் இப்படித்தான்’ என்று கூறினால், அதே வகையைச் சேர்ந்த மற்றொரு வண்டியை அதே வழியில் ஓட்டி ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மனம் அமைதியடையும். வேறாக இருந்தால் வாதம் வலுப்படும். பழுது காணப்படாவிட்டாலும் வேலைச் சீட்டைப் பெறாமல் திரும்பலாகாது. நாள், ஓடிய தூரம், உரிமையாளர் கூறிய சொற்கள், பணிமனையார் செய்த சோதனை ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும்.

அந்தச் சீட்டின் மதிப்பைச் சட்டமும் ஏற்றுக் கொண்டுள்ளது. அமெரிக்காவில் 1975-இல் நிறைவேறிய மாக்னஸன்-மாஸ் உத்தரவாதச் சட்டம், எழுத்தில் தரும் வாக்குறுதிகள் தெளிவாக இருக்க வேண்டும் என்று விதித்தது. எண்ணெய் மாற்றுதல் போன்ற வழக்கமான பராமரிப்பை வேறிடத்தில் செய்து கொண்டார் என்பது ஒன்றையே காரணமாகக் காட்டி உத்தரவாதத்தை மறுக்க இயலாது என்பதும் அதனால் விளைந்த பயன். 1982-இல் கனெக்டிகட் மாநிலம் புதிய கார்களுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று; பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. குறையுள்ள காரை ‘எலுமிச்சை’ என்று இகழ்வது அந்நாட்டு வழக்கு. ஆதலால் இவற்றை எலுமிச்சைச் சட்டங்கள் என்றே அழைக்கின்றனர். ஒரே குறையை நான்கு முறை முயன்றும் தீர்க்க இயலாவிட்டால், அல்லது வண்டி மொத்தம் 30 நாள் பணிமனையிலேயே கிடந்தால், உரிமையாளர் மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம் என்பது போன்ற அளவுகள் அவற்றில் காணப்படும். நான்கு முறை என்பதை எதைக்கொண்டு எண்ணுவது? வேலைச் சீட்டுகளைக் கொண்டுதான்.

மெக்கானிக்கின் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். அந்நாட்டுப் பணிமனைகள் பலவற்றில், ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்னரே வகுத்து, அதற்கே கூலி தருகின்றனர். உறுப்பைக் கழற்றி மாட்டுவதற்கு நேரம் உண்டு. எங்கோ கேட்கும் ஒலியை அரை நாள் தேடுவதற்கு நேரம் மிகக் குறைவு. அதனால் ஐயத்துக்குரிய உறுப்பை மாற்றிப் பார்த்துவிடலாம் என்ற ஆசை எழுகிறது. அவருக்குக் கிடைக்கும் விவரம் எத்துணைத் தெளிவாக உள்ளதோ, அத்துணை அளவு அவருடைய தேடல் குறுகும். நல்ல முறையீடு உரிமையாளருக்கு மட்டும் அன்றி, நேர்மையாக உழைக்கும் மெக்கானிக்குக்கும் செய்யும் உதவியாகும்.

மாணவ நண்பர்களே, நம்மிற் பெரும்பாலோரிடம் சொகுசுக் கார் இல்லை. சைக்கிள் உண்டு, பேருந்துப் பயணம் உண்டு, வீட்டில் மின்விசிறியோ நீரேற்றும் மோட்டாரோ உண்டு. அவற்றுள் ஒன்று புதிதாக ஓர் ஒலியை எழுப்பும் நாளில், ‘கெட்டுவிட்டது’ என்று கூறுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதிப் பாருங்கள். எப்போது தோன்றுகிறது? எதனால் கூடுகிறது? எதனால் நிற்கிறது? நேற்றைக்கு இன்று வளர்ந்திருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை எழுதிய தாளோடு பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள். அவர் அதனைப் படித்துவிட்டு உங்களிடம் ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து நீங்கள் கற்பது மிகுதியாக இருக்கும்.